முனிரத்தினம் கூட்டி அள்ளிய உரம்

காஞ்சிபுரம் ரயிலடிப் பக்கத்து உரக் கிடங்கில் மூட்டை சுமப்பவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தரையில் சிந்தியது கூட்டி அள்ளியவனுக்கு. ஊரில் பாதிப் பேர் தறியில் உட்கார்ந்திருக்க, முனிரத்தினம் பத்து வருஷமாக சூப்பர் பாஸ்பேட் சுமந்தான். ஆனால் ஒரு பிடி உரம் போடவும் அவனுக்கென்று நிலமில்லை. 1969-இல்தான் முசரவாக்கத்து ஏரிக்குக் கீழே அரை ஏக்கரைக் கோதண்டபாணி அவனுக்குக் குத்தகைக்கு விட்டார். அதுவும் ஒரே போகத்துக்கு. "வெளைச்சலப் பாத்துட்டு மேல பேசலாம்பா" என்றிருந்தார்.

முனிரத்தினம் கூட்டிக் கூட்டி இரண்டு மூட்டை சேர்த்தான். கடைசி உழவில் அத்தனையும் தூவினான். வீசும்போதே, வழக்கமான புளிப்பு நெடி இல்லையே என்று மூக்கு சொல்லத்தான் செய்தது. ஆசை பிடித்தவனுக்கு அதெல்லாம் உறைக்குமா?

நட்டு முப்பது நாளாயிற்று. நெற்பயிர் கரும்பச்சையாக நின்றதே தவிர, அடியில் பக்கக் கிளை வெடித்துத் தூர் கட்டவில்லை. மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் சைக்கிளில் வயலுக்கு ஓடுவான், குனிந்து குத்துக் குத்தாகத் தூர் எண்ணுவான், வேலைக்குத் திரும்புவான், சாயங்காலம் மறுபடியும் ஓடுவான்.

"நேத்து எண்ணினதத்தான இன்னிக்கும் எண்ணிக்கினு இருக்குற? சாப்புட்டுப் போ" என்று மனைவி சம்பூர்ணம் தட்டை நீட்டினால், நின்றபடியே இரண்டு வாய்.

கடைசியில் கிடங்கு குமாஸ்தா அப்பாதுரையிடம் கேட்டான். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தேயிலத் தோட்டத்துக்குப் போவ வேண்டிய மூட்டை வழிமாறி இங்க எறங்கிச்சே, அதக் கூட்டி இருக்குற. அது வெறும் பாறய அரைச்ச மாவுபா. ஆலையில அதுல ஆசிட் ஊத்துனாத்தான் சூப்பர் ஆவும். மலை மண்ணு புளிப்பு, அங்க தானாக் கரையும். நம்ம மண்ணுல லேசுல கரையாது."

"கரையவே கரையாதா சார்?"

"கரையும். வருஷக்கணக்காவும்."

கோதண்டபாணி வயல் பார்க்க வந்த அன்று, விதை சரியில்லை என்று பழி போட்டிருக்கலாம்; ஊரே அதைத்தானே செய்கிறது. முனிரத்தினம் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டான்.

"போட்டது வீணாப் போவலீங்க. மண்ணுலதான் இருக்குது. அது கரையற வரைக்குமாவது நெலத்த எங்கிட்ட வுடுங்க."

கோதண்டபாணி ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"எங்கயும் போவாது இல்ல?"

"போவாதுங்க."

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார் அவர். "வர்ற பட்டத்துலேர்ந்து எம் மருமவனே பயிர் வெக்கிறேன்றான்."