பேசாத எட்டு மணிநேரம்

என் மேற்பார்வையாளராக இருந்த அந்த அம்மாளின் கொண்டையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருக்கும். எழுபதுகளின் கடைசியில் வேலூரில் மனநல ஆலோசகர் பயிற்சியில் இருந்தேன். நோயாளிகளோடு உட்கார்ந்த ஒவ்வொரு மணிநேரத்துக்கும் அவர் கையெழுத்துப் போட்டால்தான் தனியாக வேலை பார்க்கச் சான்றிதழ் கிடைக்கும்.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரித் தொழிலாளி ஒருவர் எட்டு வாரம் பஸ் பிடித்து வந்து, என் எதிரில் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். அவர் போன பிறகும் அறையில் தோல் வாடை நிற்கும். மணிநேரங்களைக் குறித்து வைத்த என் நோட்டில் அந்த எட்டு வரிகளையும் அம்மாள் சிவப்பால் அடித்தார்.

“அந்தாளு வாரம் தவறாம வர்றாரே, மேடம்?”

“வந்தா இன்னா? வாயத் தொறக்கலையே. பேசாத நேரம் கணக்குல வராதும்மா.”

எட்டு மணிநேரம் குறைந்ததில் அந்த வருடச் சான்றிதழ் போயிற்று.

ஏழெட்டு வருடம் கழித்து, கணவரை இழந்த அந்த அம்மாள் ஆலோசனைக்கு என் அறைக்கே வந்தார். கொண்டை நரைத்திருந்தது, பென்சில் அப்படியே இருந்தது. ஒரு மணிநேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் வேண்டுமென்றே எதுவும் கேட்கவில்லை. அவர் எழுந்தபோது, அத்தனை வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“பேசாத நேரம் கணக்குல வராது, மேடம்.”

கோபப்படுவார் என்று ஆசையாகக் காத்திருந்தேன். அவர் பென்சிலை உருவி என் மேஜைமேல் வைத்தார்.

“அப்ப அடிச்சிடும்மா.”

அடித்தேன். என் நோட்டில் அன்றைய வரிமேல் சிவப்புக் கோடு நேராக விழுந்தது.

அடுத்த வாரம் அதே நேரத்துக்கு, பென்சில் இல்லாத கொண்டையோடு, அவர் மறுபடியும் வந்து உட்கார்ந்தார்.