சர்நேம் கட்டம்

எண்பதுகளின் பிற்பகுதியில், டில்லியில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு வர வேண்டும். கணவருக்கு அப்போது வேலை இல்லை. நீட்டிப்பு வராவிட்டால் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

ஆய்வேடுகளைத் தேடித் தர நூலகத்துக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. தேடி முடித்தவர்களிடம் "கேட்டது கிடைத்ததா?" என்று விசாரித்து, அந்தச் சேவை எப்படி இருக்கிறது என்று அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. அதிகாரி தமிழர். அதற்காக நான் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஒரு நாள் மதுரைப் பக்கத்து மாணவர் ஒருவர் தமிழர் ஒருவரின் ஆய்வேட்டைத் தேடினார். பெயரை அடித்தார். இல்லை என்றது. மறுபடி அடித்தார். இல்லை.

"அக்கா, போன வருஷம் இதே புத்தகத்த இங்கதான் படிச்சேன். உங்க மிஷினுக்குத் தமிழாளுன்னா ஆகாதா?"

புத்தக விவரங்களை எழுதிவைத்த அட்டைகளின் பழைய இழுப்பறையை இழுத்துப் பார்த்தேன். அட்டை இருந்தது. கம்ப்யூட்டரில் தலைப்பைக் கொடுத்துத் தேடினேன். வந்தது, எழுதியவருடைய அப்பாவின் பெயரில்.

கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் ஒரு விவரத் தாள் நிரப்பப்பட்டது; அதில் சர்நேமுக்கு ஒரு கட்டம். அந்தத் தாள்களை நிரப்பியவள் நான். நம்மவர்களுக்கு ஏது சர்நேம்? இனிஷியல்தான். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். அப்போது அதிகாரி தாள்களைத் திருப்பி எறிந்தார். "ஒரு கட்டமும் காலியா இருக்கப்படாது. அப்பா பேரப் போடும்மா. யாரு வந்து பாக்கப்போறா? ஜல்தி!"

தப்பு என்று தெரிந்தேதான் நிரப்பினேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமோ? சொன்னால் நீட்டிப்பு போய்விடுமோ? இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில் எல்லாத் தமிழர்களையும் அப்பாக்களின் பெயருக்குள் தள்ளிவிட்டேன்.

அந்த மாணவருக்கு ஆய்வேடு 'கிடைக்கவில்லை' என்று அறிக்கையில் நான் எழுதியதை அதிகாரி விரலால் தட்டினார்.

"இத எழுதினா யார் தலையில விழும்? நிரப்பினது உன் கையெழுத்து."

"நீங்க சொல்லித்தானே சார் நிரப்பினேன்."

"நான் சொன்னேன்னு எங்கயாவது எழுதியிருக்கா? உன் எக்ஸ்டென்ஷன் பேப்பர் என் மேஜைலதான் இருக்கு. 'திருப்தி'ன்னு மாத்திக் கொண்டா."

என் இடத்துக்கு வந்து 'கிடைக்கவில்லை'யைக் கோடு போட்டு அடித்தேன். அடித்ததை மறுபடி எழுதினேன். கீழே, 'நிரப்பியது நான். நிரப்பச் சொன்னது அதிகாரி' என்று சேர்த்து அவருடைய மேஜையில் இருந்த காகிதத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நீட்டிப்பு வரவில்லை. விடுவிப்பு ஆணையைக் கொண்டுவந்த பியூன், அதில் இருந்த பெயரை இரண்டு முறை கூவி, "யே கோன் ஹை?" என்று, யார் இது என்பதுபோல் அறையைச் சுற்றிப் பார்த்தான். அது என் கணவரின் பெயர். என் பெயர் அதற்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நின்றிருந்தது.