கண்ணில் ஒற்றக்கூடாத இலை

பெண் பார்க்கப் போவதற்கு முந்தைய வாரம் நான் ஒரு பொய் சொன்னேன். போனில் அவள், "எனக்கு வேலையே காடு, கடல், சேறுதான். உங்களுக்கு அதெல்லாம் ஒத்துவருமா?" என்று கேட்டாள். கொஞ்சம்கூட யோசிக்காமல், "இயற்கைன்னா எனக்கு உயிருங்க" என்றேன். கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் ஃபைல் நகர்த்துகிறவன் நான். சொந்த ஊர் காடாம்புலியூர். எனக்குத் தெரிந்த காடு முந்திரிக்காடு. தெரிந்த கடல், சுண்டல் தின்றபடி கரையிலிருந்து பார்த்த கடல்.

பொய்க்குக் காரணம் அவளுடைய போட்டோ. அதற்கு முன் வந்த போட்டோக்களில் எல்லாப் பெண்களும் ஸ்டுடியோ பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். இவள் முழங்கால்வரை சேற்றில் நின்று, படத்துக்கு வெளியே இருந்த யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். என்னை அதட்டுவதென்றால் இவள்தான் அதட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

"பஜ்ஜி, சொஜ்ஜியெல்லாம் வேணாம். ஞாயித்துக்கெழம காலையில பிச்சாவரம் வந்துருங்க. எனக்கு மணல்திட்டுல வேல இருக்கு, அதப் பாத்துக்கிட்டே பேசலாம்" என்று அவளே இடத்தையும் சொன்னாள். கடலோர உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாதாம். அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம், வரவில்லை. தாய்மாமன் வந்தார். பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருப்பவர், மாதம் தவறாமல் சிதம்பரம் போய் நடராஜரைக் கும்பிடுகிறவர். எங்கள் வீட்டில் கல்யாண விஷயமெல்லாம் அவர் உதட்டில்தான் இருக்கிறது. அவர் பிதுக்கினால் சம்பந்தம் முறிந்தது. அப்படி எனக்கு ஏற்கெனவே நான்கு முறிந்திருந்தன.

பெண்ணின் அப்பா படகுத் துறையிலேயே உட்கார்ந்துகொண்டார். "நீங்க பேசிட்டு வாங்க" என்று எங்கள் மூவரையும் துடுப்புப் படகில் ஏற்றிவிட்டார். அலையாத்தி மரங்களுக்கு நடுவே வாய்க்கால் வளைந்து வளைந்து போய், திடீரென்று வெளிச்சமாகத் திறந்தது. எதிரே அந்தத் திட்டு. இந்தப் பக்கம் அசையாத உப்பங்கழி, அந்தப் பக்கம் இரைகிற கடல், நடுவே ஒரு கீற்று மணல். அடப்பங்கொடி ஊதாப் பூவோடு ஓடியிருந்தது. சிவப்பு நண்டுகள் எங்களைப் பார்த்ததும் வளைக்குள் பாய்ந்தன.

அவள் நோட்டுப் புத்தகமும் அளக்கும் டேப்புமாக முன்னால் நடந்தாள். கடலிலிருந்து மணல்மேடுவரை ஏறி, திரும்பிக் கடலுக்கே இறங்கிய ஒரு தடம் தெரிந்தது. பட்டை பட்டையாக இருந்தது. என் இயற்கை அறிவைக் காட்ட இதைவிட நல்ல சமயம் வராது என்று நினைத்து, "இவ்ளோ தூரம் டிராக்டர எப்பிடிங்க கொண்டாந்தாங்க?" என்று கேட்டேன்.

அவள் நோட்டில் என்னவோ எழுதினாள். உதட்டோரம் துடித்தது. "அது ஆமைங்க. முட்ட போட வந்துட்டுப் போயிருக்கு."

"அரசாங்க உத்தியோகம்மா, அப்பிடித்தான் கேப்பான்" என்றார் மாமா.

கொஞ்ச தூரத்தில் இடிந்த சுவர்கள், ஓர் உறைகிணறு. சுனாமிப் பேரலை வரும்வரை இங்கே ஜனங்கள் குடியிருந்தார்களாம், பிறகு கரைக்குப் போய்விட்டார்களாம். மணலில் கிடந்த நீலப்பூ போட்ட பீங்கான் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். பரங்கிப்பேட்டைக்குக் கப்பல்கள் வந்த காலத்தில் எதிலிருந்து விழுந்ததோ தெரியவில்லை. "இந்தத் திட்டு ஒரே எடத்துல நிக்காதுங்க. வருசா வருசம் நகரும். கடல் அடிக்கிற அடிய மொதல்ல இதுதான் வாங்கிக்குது. அதாலதான் உள்ள மரம், மீனு, ஊரு எல்லாம் தப்பிக்குது" என்றாள். அதை மட்டும் நான் நடிக்காமல் கேட்டேன். "அப்ப இதுக்கு யாருங்க பாதுகாப்பு?" என்றும் கேட்டேன். திரும்பி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள்.

கிணற்றுக்குப் பின்னால், கழிப் பக்கமாக, பழுத்த இலைகள் செக்கச்செவேலென்று இருந்த ஒரு மரம். "இதுதான் தில்லை" என்றாள்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே அந்த மரத்தால்தான். "எத்தன வருசமா தில்லை, தில்லைன்னு கும்புடுறேன்! மரத்த இன்னிக்கிதாம்மா பாக்குறேன்" என்றார்.

"தொடாதீங்க, அதோட பால் பொல்லாதது" என்று சொல்லிவிட்டு அவள் டேப்பை விரித்துக்கொண்டு ஒரு நண்டு வளைக்கு முன்னால் குனிந்தாள். டிராக்டரில் போன மானத்தை மீட்க எனக்கு வழி கிடைத்தது. "தோல உரிக்கிற முந்திரிக்கொட்டப் பால்லயே வளந்த கைங்க இது" என்று ஒரு கொத்தை ஒடித்தேன். வெள்ளைப் பால் விரலெல்லாம் வழிந்தது. பக்தியோடு மாமாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, சாமி பொருள் எது கிடைத்தாலும் நாமெல்லாம் செய்கிற மாதிரியே, கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தூக்கினார்.

அவள் பாய்ந்து வந்து அவர் கையில் ஓங்கி அடித்தாள். கொத்து கழியில் போய் விழுந்தது.

மண்டியில் அவர் கையை நீட்டினால் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். அந்தக் கையை ஒரு பெண், அதுவும் நாங்கள் பார்க்க வந்த பெண், அடித்துவிட்டாள். மாமாவின் உதடு மெல்லப் பிதுங்கியது. "வாடா போவலாம்" என்றார்.

ஐந்தாவதும் முறிந்தது. எனக்குக் குப்பென்று வியர்த்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அதே கையால்.

அப்புறம் நான் போட்ட கூச்சலில் நாரைகள் பறந்ததாகப் படகுக்காரர் இன்றும் சொல்கிறார். அவள் என் பிடரியைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். கடலுக்கு இத்தனை கிட்டத்தில் இருந்தும் அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. வாளி வாளியாக இடது கண்ணில் ஊற்றினாள். "மூடாதீங்க! தொறங்க! தொறங்கன்னு சொல்றேன்ல!" போட்டோவில் பார்த்த அதே அதட்டல்.

எரிச்சலில் உண்மை வந்துவிட்டது. "பொய் சொல்லிட்டேங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

"டிராக்டர்லயே தெரிஞ்சிருச்சு."

"அப்பவே திருப்பி அனுப்பியிருக்கலாமே?"

"போன மாசம் ஒருத்தர் வந்தாரு. ஆமத் தடத்த மிதிச்சுக்கிட்டே பூரா நேரமும் போன் பேசுனாரு. நீங்க கேள்வியாச்சும் கேட்டீங்க. கண்ணத் தொறங்க!"

திரும்பும்போது மாமா, கழுவிவிட்ட தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். சிதம்பரத்தில் டாக்டர் என் கண்ணுக்குக் கட்டுப் போட்டு, "ஒடனே கழுவுனதால தப்பிச்சுது, ரெண்டு கண்ணுலயும் அப்பியிருந்தா பார்வைக்கே வம்பு" என்றார். நான் கட்டோடு வெளியே வந்தபோது, மாமா, துறையிலிருந்து எங்களோடு வந்திருந்த அவளுடைய அப்பாவுக்கு எதிரே போய் நின்றிருந்தார்.

"உங்க பொண்ணு என்ன அடிச்சிருச்சுங்க."

அவள் அப்பா பதறி எழுந்தார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கை எங்க வீட்டுக்கு வேணும்."

நான் கட்டுக்குள்ளேயே அழுதேன். அதுவும் எரிந்தது.

இப்போதும் குடும்பத்தோடு சிதம்பரம் போகிறோம். தீபாராதனை வந்ததும் எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். மாமா மட்டும் ஓரக்கண்ணால் என் மனைவியைப் பார்க்கிறார். அவள் தலையாட்டிய பிறகுதான் கையைத் தூக்குகிறார். நான் அவருக்கும் அப்புறம்தான்.