மூளிக்காதின் இடது பக்கம்

பண்ணையில் எல்லாரும் அவளை உண்ணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாட்டு உண்ணிகளை எண்ணுவது அவள் வேலை. பெயரைக் கேட்டு அவளுக்குக் கோபம் வராது. "அட்டைன்னு வைக்காம விட்டீங்களே, அதுவே பெரிசு" என்பாள்.

ஆராய்ச்சிப் பண்ணை அது. அங்கிருந்த நாற்பது மாடுகளில் எதற்கும் உண்ணி மருந்து அடிப்பதில்லை. உண்ணி ஏறட்டும், எந்த மாட்டின் உடம்பு எதிர்த்து நிற்கிறது பார்ப்போம் என்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. சில மாடுகளுக்கு அந்தச் சக்தி உண்டு. கடித்த இடத்தில் உடம்பு சண்டைக்குப் போகும். ரத்தம் குடித்து உப்புவதற்குள் உண்ணி சுருண்டு விழும். தாயிடம் இருந்தால் கன்றுக்கும் அது இறங்கும்.

செவ்வாய்தோறும் மாடுகளை ஒவ்வொன்றாக இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்துவார்கள். இடது பக்கம் சுவரோடு ஒட்டி இருக்கும். வலது பக்கத்தில் மிளகைவிடப் பருத்த உண்ணிகளை மட்டும் உண்ணியக்கா விரல் வைத்து எண்ணிச் சொல்வாள். உதவியாளர் நெட்டையன் அதை எழுதி இரண்டால் பெருக்குவார். ஆறு வருடமாக இதுதான் நடக்கிறது. அவள் எண்ணிக்கையில் ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை என்பது அவளுக்கு இருந்த ஒரே கர்வம்.

அந்தத் திங்கட்கிழமை டாக்டரம்மா கொட்டகைக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, உங்க மூளிக்காது ஜெயிச்சிட்டா! ஆறு வருஷத்துல இவளுக்குத்தான் உண்ணி ரொம்பக் கம்மி. இவ மகன்தான் பொலிகாளை. வெள்ளிக்கிழமை அவனோட விந்து, சினை ஊசியா ஊருக்கெல்லாம் போகுது."

மூளிக்காது, காது கிழிந்த செம்மாடு. கன்றாக இருந்தபோது தாய் செத்துப்போக, உண்ணியக்கா புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது. அவள் தினமும் கறக்கும் ஐந்து மாடுகளில் இதுவும் ஒன்று.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். போன மழைக்காலத்தில் உண்ணிக் காய்ச்சலில் அவனுக்கு இரண்டு கறவை மாடுகள் போயின. சிறுநீர் ரத்தமாகப் போய், மூன்றே நாளில் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் குரலே இறங்கிவிட்டது. இன்று மட்டும் துள்ளியது.

"அக்கா, நம்ம மூணு மாட்டுக்கும் அந்த ஊசிதான், சொல்லி வச்சிட்டேன். கன்னு பொறந்தா மருந்தே அடிக்க வேணாமாமே!"

"யாருடா சொன்னா?"

"ஊரே சொல்லுது. உன் மாட்டுப் பேரப்பிள்ளைங்க என் கொட்டாய்ல வளரப் போவுது. இனிமே நீ எனக்குச் சம்பந்தி!"

சிரித்தபடியே போனை வைத்தாள்.

மறுநாள் விடிந்து மூளிக்காதைக் கறக்க உட்கார்ந்தாள். மடியைக் கழுவினாள். கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. அங்கிருந்து முன்னங்கால் சந்துக்கு, கழுத்துக்கு. ஒரு உண்ணியைத் திருகிப் பிடுங்கித் தண்ணீர் வாளியில் போட்டாள். அடுத்ததைப் பிடுங்கும்போது விரல் நின்றுவிட்டது.

வாளியைப் பார்த்தாள். இதை எத்தனை வருடமாகச் செய்கிறாள்? கன்றாக இருந்த நாளிலிருந்தே. உண்ணியைப் பிடுங்கக் கூடாது என்பது பண்ணையின் முதல் சட்டம். அவளும் எண்ணும்போது ஒன்றைக்கூடப் பிடுங்கியதில்லை. எண்ணும் நேரத்தில் பிடுங்காவிட்டால் போதும் என்றே நினைத்திருந்தாள். நேற்று பிடுங்கியது இன்றைய எண்ணிக்கையில் எப்படி இருக்கும்? இந்தச் சின்னக் கேள்வி அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

கறக்க உட்காருவது வலது பக்கம். எண்ணுவதும் வலது பக்கம்.

எழுந்து மாட்டைச் சுற்றி இடது பக்கம் போனாள். கழுத்து மடிப்பை விலக்கினாள். கொத்துக் கொத்தாக, உப்பி, பளபளவென்று உண்ணிகள். எண்ணினாள். எழுபத்தொன்று. திரும்பி வந்து வலது பக்கம் எண்ணினாள். நான்கு.

மாடு திரும்பி அவள் தோளை நக்கியது. "பேசாம இருடி" என்றாள்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் வேலை இருக்குமோ இருக்காதோ. ஆராய்ச்சிக்கு உதவாத மாட்டைக் கழித்துவிடுவார்கள். அப்போதுதான் அந்த மூன்று மாடுகள் நினைவுக்கு வந்தன. தம்பியிடம் மிச்சம் இருப்பது அவ்வளவுதான். அவற்றின் கன்றுகளுக்கு மருந்து அடிக்காமல் விடப் போகிறான்.

டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

"மேடம், ஒரு நிமிஷம் வந்து மூளிக்காதோட இடது பக்கம் பாருங்க."

வந்து பார்த்தார். கறக்கும்போது வலது பக்கத்து உண்ணிகளைத் தினமும் பிடுங்கிவந்ததை உண்ணியக்கா சொன்னாள். டாக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"பாசத்துல செஞ்சேன் மேடம். கை சும்மா இருக்காது."

டாக்டரம்மா வெளியே போய், வெள்ளிக்கிழமை ஊசியை நிறுத்தச் சொல்லி யாரிடமோ போனில் பேசினார். திட்டு வரும் என்று உண்ணியக்கா காத்திருந்தாள். திரும்பி வந்தவர் திட்டவில்லை. வேறொன்று கேட்டார்.

"அக்கா, நீங்க கறக்கறது அஞ்சு மாடு. இவளுக்கு மட்டும்தான் எடுத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மற்ற நான்கு மாடுகளின் கழுத்தும் விரல் நுனிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "அஞ்சு மாட்டுக்குமே மேடம்" என்றாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. மாடுகளைத் தலைமாற்றி நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா. முதன்முறையாக வலது பக்கம் சுவருக்குப் போனது.

நெட்டையன் நோட்டைத் திறந்தார். "யாரு எண்றது?" என்று தயங்கிக் கேட்டார்.

"அவங்களே எண்ணட்டும். அவங்க கண்ணு பொய் சொல்லாது" என்றார் டாக்டரம்மா.

அவள் கறக்கும் மாடுகளில் இரண்டாவது உள்ளே வந்தது. உண்ணியக்கா முன்னங்காலிலிருந்து தொடங்கினாள். விரலை மாட்டின் மேல் வைக்காமல், ஒரு சாண் தள்ளியே பிடித்துக்கொண்டு எண்ணினாள்.

"பன்னெண்டு... இருபது... முப்பத்தி மூணு..."

"இன்னும் இருக்கா அக்கா?"

"எழுதிக்கிட்டே இரு. கழுத்துக்கே இன்னும் வரல."