வைக்கோலில் வைத்த கொம்பியூட்டர்

எண்பத்தாறாம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறைக்கு ஒரு கொம்பியூட்டர் வந்து சேர்ந்தது. இலண்டனில் இருந்த அண்ணை கப்பலில் அனுப்பியது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரியூசன் கொட்டில்களுக்கு ஆங்கில வினாத்தாள் தட்டச்சில் அடித்துக் கொடுப்பதுதான் என் சீவியம். பொருள் விளங்காவிட்டாலும் எழுத்தைப் பார்த்துப் பிழையில்லாமல் அடிப்பேன். பிழைவிட்டால் திரையிலேயே திருத்தலாம் என்பதால் இந்த மெஷின் எனக்கு வரம் என்றுதான் நினைத்தேன்.

சுவிட்சைப் போட்டதும் அது இரையத் தொடங்கியது. பின்பக்கத்தில் ஒரு விசிறி, உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டு, ஊ என்று ஓயாமல் ஒரே சுதியில் இரைந்தது. குண்டு போடும் பொம்மர் விமானம் தூரத்தில் வரும்போது முதலில் கேட்பதும் அதே ஊ தான். அந்த நாட்களில் எங்கள் காது எப்போதும் வானத்திலேயே இருக்கும். சத்தம் கேட்டவுடன் வளவு மூலையில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் ஓடி விழவேண்டும். கேட்கப் பிந்தினால் ஓடவும் பிந்தும்.

அடித்துக்கொண்டிருப்பவன் பயம் பிடித்து எழும்பி முற்றத்துக்கு ஓடுவேன். வானத்தில் ஒன்றும் இராது. திரும்பி வந்து இருந்தால் அடுத்த வரிக்குள் மறுபடியும் சந்தேகம்.

மனைவி குசினியிலிருந்து வந்து கதவடியில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, உது ஒண்டில் வாயை மூடவேணும், இல்லாட்டில் வீட்டை விட்டுப் போகவேணும். பொம்மர் கூரையிலை வந்து குந்தினாலும் எனக்குக் கேக்காது."

"கொஞ்சம் பொறப்பா. ஏதும் செய்யலாம்."

செய்தேன். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி மடித்து மெஷினின் நாலு காலுக்கும் கீழே வைத்தேன். மேசை அதிர்வது நின்றது. விசிறி நிற்கவில்லை.

சந்தியில் றேடியோ திருத்துகிற தம்பியைக் கூட்டிவந்தேன். அவன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணை, இதுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால் விசிறி ஆறுதலாச் சுத்தும். சத்தம் பாதியாக் குறையும்."

"சூடாகாதோ தம்பி?"

"சூடு கொஞ்சம் வரும்தான். கலியாணம் கட்டின உங்களுக்குச் சூடு புதுசோ?"

குசினிக்குள் சட்டி ஒன்று கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு ஈயத்தை உருக்கி ஒட்டினான்.

சத்தம் குறைந்தது உண்மை. ஆனால் பின்பக்கத் தகட்டில் கை வைக்க முடியவில்லை. ஒருவேளை விசிறி சுற்றாமலே நின்றுவிட்டதோ என்று வரிக்கு வரி எழும்பிப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். முதுகுதான் நொந்தது. இரண்டாம் கிழமை தம்பியைக் கூப்பிட்டு ரெசிஸ்டரைக் கழற்றுவித்தேன். ஊ பழையபடி வந்தது.

பிறகுதான் அந்தப் பெட்டி யோசனை. தேயிலை வருகிற பெரிய மரப்பெட்டி ஒன்றைச் சரித்து வைத்து, மெஷினை அதற்குள் தள்ளினேன். திரையைப் பெட்டிக்கு மேலே வைத்தேன். சாக்குத் துண்டுகளுக்குள் வைக்கோலை அடைத்துத் தைத்து, மெஷினின் இரண்டு பக்கமும் மேலும் பின்னும் இறுக்கினேன். வயர் வர ஒரு ஓட்டை மட்டும் விட்டேன். சுவிட்சைப் போட்டுவிட்டுக் காது கொடுத்தேன். முற்றத்தில் காகம் கரைவது கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி வந்து சாக்கை அமத்திப் பார்த்தாள்.

"என்ன, மாங்காய் பழுக்கப் போட்டிருக்கிறியளோ?"

 ஒவ்வொரு வருசமும் அதே வைக்கோலுக்குள் கறுத்தக்கொழும்பான் மாங்காயை மூடி வைத்து, பழுத்ததோ என்று கையை விட்டுப் பார்க்கிறவன் நான்தான். உள்ளே எவ்வளவு சூடு கிடக்கும் என்று என் கைக்குத் தெரியும். என்றாலும் அந்த அமைதியை விட மனம் வரவில்லை.

அடுத்த நாள் முற்பகல் பொம்மர் வந்தது. முதலில் கேட்டவன் நான். கத்தி மனைவியைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் பங்கருக்குள் இறங்கிவிட்டோம். பெட்டி வென்றுவிட்டது என்று நினைத்த அந்தக் கணமே எழும்பிவிட்டேன். மெஷினை நிற்பாட்டவில்லை. மூச்சுவிட வழியில்லாமல் வைக்கோலுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

"எங்கை எழும்புறியள்?"

"உது எரியப்போகுது. வைக்கோல்."

அவள் என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தாள். உதறிக்கொண்டு ஓடினேன். தலைக்கு மேல் பொம்மர் வட்டமடித்தது. அறைக்குள் வைக்கோல் வெந்த மணம். திரை முழுக்க அர்த்தமில்லாத எழுத்துகள். சுவிட்சை நிற்பாட்டிச் சாக்குகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் திரும்பி ஓடி விழுந்தேன். அன்று எங்கள் பக்கம் ஒன்றும் விழவில்லை.

பொம்மர் போன பிறகும் அவள் பங்கரை விட்டு ஏறவில்லை. 

"அதின்ரை சத்தம் இருக்கட்டும்," என்றாள். "பெட்டி வேண்டாம். உங்கடை காதும் வேண்டாம். நான் வெளியிலை இருந்து கேக்கிறன். கேட்டால் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவன். விசிறி நிண்டால் ஓடி வாங்கோ."

"இறக்கினால் அடிச்சதெல்லாம் போயிடுமப்பா."

"போகட்டும்."

மெயின் சுவிட்ச் வெளிச் சுவரில் இருந்தது. அதற்குக் கீழே பலகையைப் போட்டுக்கொண்டு அவள் வெங்காயம் உரிக்க இருந்தாள். உள்ளே நான் அந்தப் பாழாய்ப்போன இரைச்சலில் வினாத்தாளை முதலில் இருந்து அடித்தேன். சூடு இல்லை, தடங்கல் இல்லை. பக்கத்தின் கடைசி வரிக்கு வந்திருப்பேன், திரை இருண்டது, விசிறி நின்றது.

ஓடினேன். ஒழுங்கை முனையில் நெல்லு மூட்டை ஏற்றிய லொறி ஒன்று உறுமிக்கொண்டு திரும்பியது.

"லொறியப்பா!"

"தெரியுது. லொறிச் சத்தத்துக்குப் பின்னாலை வேறை ஒண்டும் கேக்குதோ எண்டு தெரியாது. இறங்குங்கோ."

லொறி சந்தியைக் கடந்து, அவளுக்குத் திருப்தியாகும் மட்டும் பங்கருக்குள் குந்தியிருந்தேன். அடித்த பக்கம் முழுக்கப் போய்விட்டது; அந்த ஆங்கிலப் பந்தியின் முதல் சொல்கூட எனக்கு ஞாபகத்தில் இல்லை.