யாருடைய பேரில் பிழை

ரெக்ஸ்டேல் பார்க்கில் ஞாயிறு மத்தியானங்களில் எங்கள் ஆட்கள் பேஸ்போல் விளையாடுவார்கள். ஸ்கோர் எழுதுவது நான். முன்பு கிரிக்கெட்டுக்கு எழுதியவள்தான். ஆனால் அந்தப் புத்தகத்தில் பந்தைத் தவறவிட்டவருக்கென்று ஒரு கட்டம் கிடையாது. பேஸ்போலில் இருக்கிறது; அதில் எரர், அதாவது பிழை, என்று எழுதுவோம். அதனாலேயே எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது.

அன்று பந்து எறிந்தவர் என் கணவர். கடைசி இன்னிங்ஸ் வரை எதிரணிக்கு ஒரு ஹிட்டும், அதாவது அடித்தவர் தன் அடியாலேயே பேஸ் சேர்வதை, கொடுக்கவில்லை. அப்படியே முடிந்தால் அது நோ-ஹிட்டர், எறிந்தவருக்குப் பெரிய பெருமை. அப்போது ஒரு பந்து உயர எழும்பி அவரிடமே வந்தது. "எனக்கு" என்று கத்தி மற்றவர்களை விலக்கினார். பிடிப்பதற்கு முதலே எங்களைப் பார்த்துச் சிரித்தார். பந்து அவருடைய காலடியில் விழுந்தது. அடித்தவன் முதலாம் பேஸுக்கு ஓடிவிட்டான்.

"உது ஹிட் இல்லையப்பா, எரர்" என்று என்னிடம் வந்தார்.

"ஓம், எரர்தான். ஆரின்ர பேரில போட?"

தன் அணியில் மூன்றாம் பேஸில் நின்றவரைக் காட்டினார்.

"எனக்கு எண்டு கத்தினது நீங்கள். உங்கட பேரிலதான் போடுவன். எரர் ஹிட் கணக்கில வராது, அப்பவும் நோ-ஹிட்டர் நிக்கும்."

"வேற வழி இல்லையோ?"

"இல்லை."

பேனாவால் எழுதினேன். அடுத்தவன் அவுட், ஆட்டம் முடிந்தது. நோ-ஹிட்டர் அவருக்குக் கிடைத்தது.

அந்த ஸ்கோர் தாளின் படத்தை இன்றும் ஃபோனில் எல்லோருக்கும் காட்டுகிறார், பிழை எழுதிய கட்டத்தின்மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு. நான் பக்கத்தில் இருந்தால் விரலை எடுக்கச் சொல்வேன்.