செல்வி இரண்டு கிலோ அதிகமாக இளைத்துவிட்டாள்

இன்று காலை மட்டாஞ்சேரியில் எங்கள் பக்கத்து வீட்டுச் செல்விக்கும் அவள் கணவருக்கும் துணையாக எறணாகுளத்து மருத்துவமனை ஒன்றுக்குப் போனேன். அவளுடைய எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் அனுமதி வாங்க வேண்டும். ஊசி போட்டும் சர்க்கரை அடங்கவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது.

முதலில் கொஞ்சம் இளைத்தால்தான் ஆபரேஷன் செய்ய முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாள் முழுக்க இட்லிக் கடையில் நின்றுகொண்டே, வாயைக் கட்டி ஏழு கிலோ குறைத்தாள்.

இன்சூரன்ஸ் படிவத்தில் சிகிச்சைக்கான கோடு எண்ணைப் பதியும் மலையாளிப் பெண் இன்றைய எடையைக் கணினியில் தட்டினாள்.

"சேச்சி, பி.எம்.ஐ. முப்பத்தஞ்சு வேணும். உங்களுக்கு முப்பத்திநாலு சொச்சம்தான், ரெண்டு கிலோ குறையுது. இந்த ஆபரேஷனுக்கு உள்ள கோடு நம்பர் போட்டா கம்பெனி திருப்பி அனுப்பிடும், கேட்டோ."

"டாக்டர் சொல்லித்தானே குறைச்சேன்?"

"அது ஆபரேஷனுக்கு. இது பாலிசிக்கு."

"பழைய எடைச் சீட்டு இருக்கே."

"இன்னிக்கு உள்ள வெயிட்தான் எழுத முடியும், சேச்சி."

கணவர் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். "வா, பிரியாணி தின்னுட்டு மத்தியானம் வருவோம்."

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு கிலோ ஏத்திட்டு வந்தா டாக்டர் ஆபரேஷன் செய்வாரா, மோளே?"

"அது டாக்டரோட கேக்கணும்."

டாக்டர் விடுப்பில் இருக்கிறார். அடுத்த மாதம்தான் வருவார்.

அதுவரை செல்வி சாப்பிடலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் இன்றைக்கே சொல்லுங்கள். வீடு வரும்வரை அவள் என்னிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள்.